கழுவி ஊற்றிய மார்ட்டினி

முதல் நாள்

பாரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கிளாஸைக் கெடுத்தேன். உடைக்கவில்லை. துடைத்துக் கெடுத்தேன்.

ஏம்பலத்திலிருந்து பாகூர் போகும் வழியில் ஒரு ரிசார்ட். அதற்குள் ஒரு சின்ன பார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு சுவர், சுவரில் ஒரு சன்னல், சன்னலுக்கு இந்தப் பக்கம் சிங்க். அந்த சிங்க்தான் என் இடம். அழுக்கு கிளாஸ் சன்னல் வழியாக வரும், கழுவின கிளாஸ் சன்னல் வழியாகப் போகும். என் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. நானும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. எனக்குக் கூச்ச சுபாவம். அதனாலேயே அந்த வேலை பிடித்துப்போனது.

கவுண்டரில் ஸ்டெல்லா இருந்தாள். வில்லியனூர் பெண், கேட்டரிங் படித்தவள், முப்பது வயதுதான் இருக்கும். மதியம் ஒரு ஆர்டர் வந்தது. ஸ்டெல்லா சன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்.

"யக்கா, டிரை மார்ட்டினி ஒண்ணு! கால் வெச்ச கிளாஸ் குடு, சீக்கிரம்!"

மார்ட்டினி எனக்குத் தெரியாது. டிரை தெரியும். ரிசார்ட்டில் துணி துவைக்கிற இடத்தில் டிரையர் இருந்தது. கிளாஸ் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீளக் கால் வைத்த அந்தக் கிளாஸை வெந்நீரில் கழுவி, துணியால் துடைத்தேன். அடியில் இன்னும் ஈரம் இருப்பது மாதிரி தோன்றியது. காபி மெஷின் தலைமேல் கவிழ்த்து வைத்தேன். சுடச்சுட எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் ஸ்டெல்லா கிளாஸின் காலைப் பிடித்து வாங்கினாள், ஊற்றினாள், அனுப்பினாள்.

அது போன வேகத்தில் திரும்பி வந்தது.

"இன்னாங்க இது, காபி கிளாஸா? சுடுது!" என்று வெளியே ஒரு குரல்.

ஸ்டெல்லா உள்ளே வந்தாள். "இன்னாக்கா பண்ண?"

"நீதான டிரைன்ன. நல்லா காயவெச்சேன்."

ஸ்டெல்லா ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். திட்டுவாள் என்று நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதக்கா. டிரைன்னா காயறது இல்ல. வெர்மூத்து கம்மின்னு அர்த்தம்."

"வெர்மூத்துன்னா இன்னா?"

"அது பெரிய கதை. மொதல்ல ரெண்டு கிளாஸ எடுத்து ஃப்ரீசர்ல வை. இந்தச் சரக்குக்குக் கிளாஸ் குளிர்ல வெடவெடன்னு நடுங்கணும்."

அன்றிலிருந்து ஃப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குப் பின்னால், இரண்டு மார்ட்டினி கிளாஸ் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

வேர் போட்ட ஒயின்

வெர்மூத் கதையை ஸ்டெல்லா ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். அது ஒயின்தான். ஆனால் வேர், பட்டை, இலை, பூ எல்லாம் ஊறப்போட்ட ஒயின். எனக்கு அந்தப் பெயர் அதனால்தான் மனதில் நின்றது. வேர் போட்டது வேர்மூத். பேச்சில் இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது.

வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. எங்கள் பாரில் இருந்த வெள்ளை, கசப்பு. சிவப்பு, தித்திப்பு. சிவப்புப் பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு ஒரு வீடு ஞாபகம் வந்தது. ரிசார்ட்டுக்கு வருவதற்கு முன்னால் வில்லியனூரில் ஒரு சொல்தா வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சனோடு வந்தவர்களைத்தான் எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுப் பெரியவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் "மர்த்தினி" என்பார். அந்த அம்மா சிவப்பாக ஒன்றை ஊற்றி, இரண்டு துண்டு ஐஸும் ஒரு ஆரஞ்சுத் துண்டும் போட்டுக் கொடுப்பார்கள்.

"மார்ட்டினி செவப்பா இல்ல இருக்கும்?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"அது வேறக்கா. பிரான்சுல மர்த்தினின்னா வெறும் வெர்மூத்து. அங்க அந்த பாட்டில் பேரே அதான். நம்ம மார்ட்டினின்னா ஜின்னு. பேரு ஒண்ணு, ஆளு ரெண்டு."

நான் சரக்கை நாக்கில் வைத்ததில்லை. இன்று வரைக்கும் இல்லை. ஆனால் கிளாஸ் கழுவுகிறவளுக்குத் தெரிவது, ஊற்றுகிறவர்களுக்கே தெரியாது. எந்தக் கிளாஸ் காலியாகத் திரும்பி வருகிறது, எது பாதியில் வருகிறது, யார் ஆலிவ் காயைத் தின்றார்கள், யார் துப்பினார்கள் என்பதெல்லாம் சிங்குக்குத்தான் வரும். சாப்பாட்டு ஹாலில் வாயால் "நல்லா இருக்கு" என்றுவிட்டுப் போவார்கள். கிளாஸ் பொய் சொல்லாது.

ஒரு தடவை தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஸ்டெல்லா, இன்னிக்கி மார்ட்டினி மூணும் பாதி பாதியா வந்துச்சு. காலைல வந்த ஐஸ் ஈரமா, சொதசொதன்னு இருந்துச்சு. அதான் தண்ணி வுட்டுடுச்சோ?"

அவள் ஐஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ஆமாக்கா. நான் கவனிக்கவே இல்லியே."

அதிலிருந்துதான் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். மதியம் மூன்று மணிக்கு மேல் பாரில் ஈ ஆடாது. பச்சைத் தண்ணீரை ஜின் என்று வைத்துக்கொண்டு பழகினேன். ஜின் அறுபது மில்லி, வெர்மூத் பத்து மில்லி. பெக் மெஷர் என்கிற அளவுக் கிண்ணத்தில் கோட்டுக்குக் கோடு அளக்க வேண்டும். பெரிய கிளாஸில் கழுத்து வரை ஈரம் கசியாத, காய்ந்த ஐஸ். நீள ஸ்பூனை மூன்று விரலால் பிடித்து, கிளாஸின் உள்சுவரை ஒட்டியே சுற்ற வேண்டும். குலுக்கக் கூடாது. ஐஸ் சத்தம் போடவே கூடாது. கடகடவென்று கேட்டால் ஐஸ் உடைகிறது, உடைந்தால் தண்ணீர் விடும். கிளாஸின் வெளிப்பக்கம் வேர்த்து, பிடித்திருக்கிற விரல் வலிக்க ஆரம்பித்தால் போதும் என்று அர்த்தம். வடிகட்டி, ஃப்ரீசர் கிளாஸில் ஊற்றி, ஒரு ஆலிவ்.

"ரொம்ப ரொம்ப டிரை கேட்டா?" என்றேன்.

"அப்ப வேற மாதிரி. ஐஸ் மேல வெர்மூத்த ஊத்தி, ஒரு சுத்து சுத்தி, வெர்மூத்த கீழ கொட்டிடணும். ஐஸுல ஒட்டன வாசன மட்டும் போதும். அப்பறம் ஜின்ன ஊத்தணும்."

"கழுவி ஊத்தறதா?"

"அதேதான்க்கா! ஒன் வேலையேதான்!" என்று என் முதுகில் தட்டினாள்.

மெஷின்

ஆறாவது வருடம் புது மேனேஜர் வந்தார். பாலு என்று பெயர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒரு சனிக்கிழமை சிங்குக்கு வந்து நின்றார்.

"யக்கா, திங்கக்கெழம கிளாஸ் வாஷர் மெஷின் வருது. நீ தோட்டத்துக்குப் போயிடு. கூட்டறதுக்கு ஆள் வேணும்."

தோட்ட வேலை கேவலம் இல்லை. நானும் கழனி வேலை செய்தவள்தான். ஆனால் ஆறு வருடமாக என் காதும் விரலும் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தச் சன்னலில் இருந்தது. அதை விட்டுப் போக மனம் வரவில்லை. எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன்.

"இங்கியே இருக்கறேன் சார். எனக்கு மார்ட்டினி கலக்க வரும்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "நீயா? கஸ்டமர் வந்தா நீ தலைய தூக்க மாட்ட. ஒன்ன இந்த பார்ல யாரு கேக்குறா? கிளாஸத்தான் கேக்குறாங்க."

அவர் சொன்னது உண்மை. ஆறு வருடத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை.

தேர் ஞாயிறு

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு சிங்கில் கடைசி நாள். வில்லியனூரில் மாதா கோயில் தேர். ஸ்டெல்லா லீவு. மேனேஜரே கவுண்டரில் நின்றார். பீர் திறக்கவும் பிராந்தி அளக்கவும் அவருக்கு வரும். அதற்கு மேல் போனைப் பார்த்துத்தான்.

பகல் பன்னிரண்டரைக்கு ஒருவருக்கொருவர் சம்பந்தியாகப் போகிற இரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, 'முசே' என்று பிரெஞ்சு மரியாதையில் கூப்பிடப்படும் அந்துவான், பிரான்சில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். பெண்ணின் அம்மா வசந்தா, லண்டனில் நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கல்யாண விருந்தை எங்கள் ரிசார்ட்டில் வைக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். மேனேஜர் கைகட்டி நின்றார்.

"எனக்கு ஒரு மர்த்தினி" என்றார் முசே.

"எனக்கும் மார்ட்டினிதான். டிரையா இருக்கணும்" என்றார் வசந்தா அம்மா.

மேனேஜர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டார். போனைப் பார்த்து, ஜின்னையும் வெர்மூத்தையும் பாதிக்குப் பாதி ஊற்றி, எலும்பு முறிகிற மாதிரி குலுக்கினார். ஐஸ் உடைகிற சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. விரலை மடக்கிக்கொண்டு நின்றேன்.

இரண்டு கிளாஸும் சன்னலுக்கு வந்துவிட்டன. ஒன்று தளும்பத் தளும்ப. இன்னொன்றில் ஒரு மடக்கு மட்டும் குறைந்திருந்தது.

"இன்னாய்யா இது, ஊசி போடறதுக்கு முன்னால தடவுவாங்களே, அந்த வாசன அடிக்குது" என்று முசே சொல்வது கேட்டது. "நான் கேட்டது மர்த்தினி!"

"இது மார்ட்டினிதான் சார்" என்றார் மேனேஜர்.

"எனக்குச் சொல்லித் தரியா? முப்பது வருஷம் குடிச்சவன் நான்!"

வசந்தா அம்மா குறுக்கே வந்தார். "சம்பந்தி, மார்ட்டினின்னா ஜின்னுதான். இவுரு கலந்ததுதான் சரியில்ல."

"ஜின்னா? மர்த்தினியில ஏது ஜின்னு? லண்டன்ல வேணா எதையாவது கலந்து குடுத்து ஏமாத்துவான்."

"ஏமாத்தறாங்களா? நாங்க இன்னா, ஏமாந்த ஊட்டு ஆளுங்களா?"

"நான் ஒங்கள சொல்லல."

"வேற யார சொன்னீங்க?"

பேச்சு தடித்தது. மேனேஜர் நடுவில் புகுந்து, முசேவுக்கு அதே ஜின்னில் சோடா விட்டுக் கொண்டுபோனார். முசே அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு எப்பிடி வேணும்?" என்று கேட்டார் மேனேஜர்.

"ரொம்ப டிரை. வெர்மூத் பாட்டில லேசா காட்டுனாலே போதும்."

மேனேஜர் உள்ளே ஓடி வந்தார். பாட்டிலைத் துடைத்தார், தட்டில் வைத்தார், கொண்டுபோய் அந்த அம்மா முகத்துக்கு நேரே காட்டினார். இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, லேபிளையும் காட்டினார்.

"சம்பந்தி, கெளம்பலாமா? வேற எடம் பாப்போம்" என்றார் முசே. அன்று அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போன முதல் பேச்சு அதுதான்.

மேனேஜர் பின்பக்கம் வந்து சுவரில் சாய்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. "போச்சுக்கா. இன்னிக்கி நம்மள கழுவி ஊத்தப்போறாங்க."

கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னேன். "சார், அத கழுவித்தான் ஊத்தணும்."

"இன்னா?"

"அந்த அம்மா கேக்கறது அதான். வேர்மூத்தால ஐஸ கழுவி ஊத்திட்டு, ஜின்னு மட்டும் ஊத்தணும். பெரியவர் கேக்கறது ஜின்னே இல்ல. நான் கேட்டுட்டு வரட்டா?"

அவர் தலையை ஆட்டினாரா, இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சுவரைச் சுற்றி வெளியே போனேன். ஆறு வருடத்தில் கஸ்டமர் இருக்கும்போது அந்தப் பக்கம் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. மேசை மேலிருந்த உப்பு டப்பாவைப் பார்த்தே பேசினேன்.

"முசே, ஒங்க மர்த்தினி செவப்புதான? சோத்துக்கு முன்னால, ஐஸு, ஆரஞ்சு போட்டு?"

"அதான்! அதான்!" என்று அவர் மேசையைத் தட்டினார். உப்பு டப்பா துள்ளியது. "அபெரிதிஃப்! சாப்பாட்டுக்கு முன்னால பசியத் தூண்டறது! பார்த்தீங்களா சம்பந்தி, இந்த அம்மாவுக்குத் தெரியுது!"

"அம்மா, ஒங்களுக்கு வேர்மூத்தக் கழுவி ஊத்திடவா? ஆலிவா, எலுமிச்ச தோலா?"

வசந்தா அம்மா என்னைக் குனிந்து பார்த்தார். "கழுவி ஊத்தறதா! நல்லா இருக்கே. ஆமாம்மா, கழுவி ஊத்திடுங்க. ஆலிவ் போடுங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள்.

கவுண்டருக்குள் நுழைந்தேன். மேனேஜர் ஒதுங்கி இடம் விட்டார். முசேவுடையது சுலபம். கட்டைக் கிளாஸில் இரண்டு துண்டு ஐஸ், அதன்மேல் சிவப்பு, ஒரு ஆரஞ்சுத் துண்டு. அடுத்ததுக்குப் பெரிய கிளாஸில் ஐஸை நிரப்பினேன். ஒரு துண்டை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து விரலில் ஒட்டியது. வெர்மூத் பத்தை ஊற்றி, சுற்றி, ஐஸை நிறுத்திக்கொண்டு வெர்மூத் அத்தனையையும் சன்னல் வழியாக சிங்கில் கொட்டினேன்.

"யக்கா, கொட்டறியே!" என்றார் மேனேஜர்.

"கொட்டணும் சார்."

ஜின் அறுபது. ஸ்பூனைச் சுவரோடு சுவராகச் சுற்றினேன். ஐஸ் ஒரு சத்தம் போடவில்லை. கிளாஸ் வேர்த்தது. விரல் வலித்தது. இன்னும் இரண்டு சுற்று விட்டு நிறுத்தினேன். ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டேன். கிளாஸ் வெள்ளை பூத்து வந்தது. வடிகட்டி ஊற்றினேன். கண்ணாடி மாதிரி நின்றது. ஒரு ஆலிவ் போட்டேன்.

மேனேஜர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் ஓடிப்போய் சிங்கில் நின்றுகொண்டேன். வெளியே என்ன பேசினார்கள் என்று காது கொடுக்கவில்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கேதான் பதில் வரும்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு கிளாஸ் வந்தன. கட்டைக் கிளாஸில் ஆரஞ்சுத் தோல் மட்டும். கால் வைத்த கிளாஸில் ஆலிவ் கொட்டை மட்டும். கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

அவற்றைக் கழுவி முடிப்பதற்குள் சன்னலில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. வசந்தா அம்மா.

"இத கலந்தது நீங்கதான? ஒங்க பேரு இன்னாம்மா?"

"அஞ்சலைங்க."

"லண்டன் பார்ல கோட்டு போட்டவன்கூட நான் இவ்ளோ டிரையா கேட்டா சிரிப்பான். நீங்க எப்பிடி வேணும்னு கேட்டுட்டு கலந்தீங்க." மேனேஜர் பக்கம் திரும்பினார். "தம்பி, விருந்த இங்கியே வெச்சுக்கறோம். ஆனா அன்னிக்கு அஞ்சலையம்மாதான் கலக்கணும்."

பின்னால் முசே குரல் கேட்டது. "எனக்கும் அவுங்கதான். மெர்சி மதாம்!"

நன்றி சொல்லி, என்னை ஒருவர் மதாம் என்று மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல். கழுவின கிளாஸையே மறுபடியும் கழுவினேன்.

பிறகு

திங்கட்கிழமை மெஷின் வந்தது. நல்ல மெஷின். பீர் கிளாஸெல்லாம் அதுதான் கழுவுகிறது. ஆனால் அது கிளாஸைச் சுடச்சுடக் காயவைத்துத் தருகிறது. முதல் நாள் நான் செய்த அதே தப்பு. அதனால் மார்ட்டினி கிளாஸை இன்றும் கையால்தான் கழுவி ஃப்ரீசரில் வைக்கிறேன். தோட்டத்துக்கு வேறு ஆள் வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா வந்ததும் வராததுமாய் என்னைக் கட்டிக்கொண்டாள். "நான் தேர் இழுக்கப் போன நேரத்துல நீ இங்க தேர ஓட்டிட்டியேக்கா!" என்றாள். அந்த வாரமே எனக்கும் பார் ஆட்கள் குத்துகிற, பெயர் போட்ட பேட்ஜ் ஒன்று வந்தது. அதை முந்தானைக்கு உள்பக்கமாகக் குத்திக்கொண்டேன். ஸ்டெல்லா பிடுங்கி வெளியே குத்திவிட்டாள்.

புதிதாக பார் வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேட்கிறவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்குள் அவர் இருந்த ஊரும் அவர் வீட்டுப் பழக்கமும் இருக்கும். தெரியும் என்று ஊற்றிவிடாதே. கேட்டுவிட்டு ஊற்று. கூச்சமாக இருந்தால் உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு கேள், தப்பில்லை. திரும்பி வருகிற கிளாஸை ஒரு தடவை பார். நீ செய்தது சரியா என்று அது சொல்லும்.

கல்யாண விருந்து ஒரு மதியம் நடந்தது. ஸ்டெல்லாவும் நானும் கவுண்டரில் நின்றோம். முசே தன் கூட்டத்தைக் கூட்டி வந்து, "மர்த்தினியா, மார்ட்டினியா, ரெண்டும் இந்த மதாம்கிட்ட கேளுங்க" என்றார். உன்னை இந்த பாரில் யார் கேட்கிறார்கள் என்று மேனேஜர் கேட்டார் அல்லவா? அன்று பதினேழு பேர் கேட்டார்கள். காலிக் கிளாஸைக் கழுவும்போது எண்ணிப் பார்த்தேன்.